போல்ட் இல்லாத பாறையில் முதலில் ஏறுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

பாறையில் முன்கூட்டியே துளை போட்டு போல்ட் அடித்து வைத்திருந்தால், ஏறுபவர் கயிற்றை அதில் மாட்டிக்கொண்டே போகலாம். அதற்கு ஸ்போர்ட் ஏற்றம் என்று பெயர். ட்ராட் லீட் அப்படியில்லை. முதலில் ஏறுபவரே பாறை வெடிப்புகளில் நட் (ஆப்பு போன்ற உலோகக் கட்டி), கேம் (விரிந்து சுவரைக் கடிக்கும் பற்கள் கொண்டது) போன்ற கருவிகளைச் செருகி, அவற்றில் கயிறு மாட்டி மேலே போகிறார். பின்னால் வருபவர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வருகிறார். பாறையில் எதுவும் மிஞ்சாது. விடுமுறை நாட்களில் செஞ்சிப் பக்கம் ஏறப் போகும் குழுக்களில் புதிதாகச் சேர்ந்த கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஐயா, வாராவாரம் செஞ்சிக்குப் போக முடியவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் கேப்பர் மலை இருக்கிறது. அங்கேயே நட், கேம் வைத்துப் பழகலாமா?
*– வாசகர், புதுப்பாளையம், கடலூர்*

வேண்டாம். கேப்பர் மலையில் இருப்பது கடலூர் மணற்கல். நெய்வேலி நிலக்கரிக்கு மேல் கிடப்பதும், திருவக்கரையில் கல்மரங்களைப் பொதிந்து வைத்திருப்பதும் இதே அடுக்குதான். பல இடங்களில் நகத்தால் கீறினாலே செம்மணலாக உதிரும். ஒரு கேம் கீழ்நோக்கி வாங்கும் சுமையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தத்தை வெடிப்பின் ஒவ்வொரு சுவர் மீதும் போடுகிறது. 70 கிலோ ஆள் அதில் வெறுமனே தொங்கினாலே சுவருக்கு 140 கிலோ. விழுந்தால் அது பல மடங்காகும். கேம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சுவர் உதிர்ந்தால் அது வெளியே வந்துவிடும். கர்நாடகத்தின் பாதாமியிலும் மணற்கல்தானே ஏறுகிறார்கள் என்று கேட்கலாம். அது மிகப் பழைய, சிலிக்காவால் இறுகிப்போன கல். இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

கைவிட்ட கல் குவாரிகளும் ஆகாது. வெடி வைத்து உடைத்த முகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உள்ளே ஓடியிருக்கும். வெளியே உறுதியாகத் தெரியும் பாளம் கையோடு வரும்.

செஞ்சியிலும் ஓர் எல்லை உண்டு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் மூன்றும் கோட்டை மலைகள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றுவிட்டன. அங்கே கயிறும் கருவியும் எடுத்துக்கொண்டு போகவே கூடாது. வெளியே இருக்கும் குன்றுகளிலும் காப்புக்காடு என்றால் வனத்துறையிடமும், பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடமும் கேட்டுவிட்டு ஏறுங்கள். உச்சியில் ஒரு சூலமோ வேலோ நட்டிருந்தால் அது ஊர்க்காரர்களின் கோயில். வேறு பாறை பாருங்கள்.

பாறைக்குப் போகாத வாரங்களில் வீட்டிலேயே செய்ய நிறைய இருக்கிறது. மாடிப்படிக் கைப்பிடியில் மூன்று ஸ்லிங் (பட்டை வளையம்) மாட்டி நங்கூரம் (பல கருவிகளைச் சேர்த்து நம்மைக் கட்டிக்கொள்ளும் அமைப்பு) கட்டிப் பழகுங்கள். எட்டு முடிச்சையும் குளோவ் ஹிட்சையும் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு ஒற்றைக் கையால் போடுங்கள். பாறையில் ஒரு கை பிடிப்பில் இருக்கும்போது இன்னொரு கைதான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

பெங்களூரில் படித்தபோது செயற்கைச் சுவரில் ஆறு மாதம் ஏறியிருக்கிறேன். இப்போது ஊருக்கு வந்து ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறேன். எப்போது லீட் செய்யலாம் என்று கேட்டால், "இன்னும் பின்னாலேயே வாம்மா" என்கிறார்கள். எவ்வளவு நாள்தான் பின்னாலேயே போவது?
*– வாசகி, லாஸ்பேட்டை*

அவர்கள் சொல்வது சரி. ட்ராட் ஏற்றத்தில் பின்னால் போவதுதான் பாடம். முன்னால் போனவர் வைத்த ஒவ்வொரு கருவியையும் நீங்கள் கையால் தொட்டுக் கழற்றுகிறீர்கள். எது எளிதில் வந்தது, எது வரவே மாட்டேன் என்றது, எது நீங்கள் வருவதற்குள் தானே கழன்று கயிற்றில் தொங்கியது, எல்லாம் தெரிகிறது. கழற்றுவதற்கு முன் ஐந்து விநாடி நின்று பாருங்கள். இந்த இடத்தில் ஏன் வைத்தார்? இந்த அளவு ஏன்? நீங்களாக இருந்தால் எங்கே வைப்பீர்கள்? மேலே போனதும் அவரிடம் கேளுங்கள். இருபது, முப்பது ஏற்றமாவது இப்படிப் போன பிறகு அடுத்த படிக்கு வரலாம்.

அடுத்தது தரையில் நின்று செருகிப் பழகுவது. இதைப் பலர் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். எங்களைக் கேட்டால், முழுப் பயிற்சியிலும் இதற்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். இடுப்பு உயரத்தில் வெடிப்பு உள்ள பாறையில் ஒரு நாள் முழுக்க நட்டும் கேமும் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஸ்லிங் மாட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அதில் காலை வைத்து ஏறி நில்லுங்கள். முதலில் மெதுவாக, பிறகு குதித்து. ஹெல்மெட் கட்டாயம். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், பிடுங்கிக்கொள்ளும் நட் நேராகப் பல்லுக்குத்தான் வரும். ஐம்பது தடவை வைத்துப் பார்த்தால் எது நிற்கும், எது நிற்காது என்பது கைக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது படி, மேலிருந்து ஒரு கயிறு உங்களைப் பிடித்திருக்க, இன்னொரு கயிற்றை இழுத்துக்கொண்டு லீட் செய்வது போலவே கருவி வைத்து ஏறுவது. பின்னால் வரும் அனுபவசாலி ஒவ்வொன்றையும் பார்த்து மதிப்பெண் போடட்டும். பத்தில் பத்தும் தேறுகிறது என்றான பிறகு உண்மையான லீட். அதுவும் நீங்கள் பின்னால் வந்து சிரமமில்லாமல் ஏறிய, வெடிப்பு தெளிவாக ஓடுகிற, உங்கள் திறனுக்கு இரண்டு படி கீழான பாதையில். கருவி வைக்க ஒரு கையால் தொங்கிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். கடினமான பாதையில் அந்த ஒரு நிமிடம் கிடைக்காது.

"விழுந்து விழுந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போல்ட் சுவருக்கு அது ஓரளவு பொருந்தும். நாமே செருகிய கருவியில், அதுவும் பழகும் காலத்தில், பொருந்தாது. முறையான வகுப்பில் சேர விரும்பினால் டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனமும், உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. அங்கே கயிறு, பீலே (ஏறுபவரின் கயிற்றைப் பிடித்து அவரைக் காப்பது), பாறை நடை எல்லாவற்றுக்கும் நல்ல அடித்தளம் கிடைக்கும்.

நட் நன்றாக உட்கார்ந்ததா, கேம் சரியாகக் கடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*– வாசகர், வில்லியனூர்*

முதலில் பாறை. வெடிப்பின் இரு பக்கத்தையும் உள்ளங்கையால் தட்டுங்கள். மண்பானையைத் தட்டி வாங்குகிறோமே, அதே காதுதான் வேண்டும். கெட்டியாக ஒலித்தால் நல்லது. பொத்தென்று உள்ளே காலியாக ஒலித்தால் அது தாய்ப்பாறையிலிருந்து விட்டுப்போன பொருக்கு. பொருக்குக்குப் பின்னால் கேம் வைத்தால், நாம் விழும்போது அது நெம்புகோல் மாதிரி பொருக்கையே பெயர்த்துவிடும்.

நட் என்பது ஆப்பு. இந்தப் பெயரே வேல்ஸில் பாறை ஏறியவர்கள் ரயில் பாதையோரம் கிடந்த இயந்திர நட்டுகளைப் பொறுக்கி, கயிறு கோத்து வெடிப்பில் செருகியதிலிருந்து வந்தது. வெடிப்பு மேலே அகலமாக இருந்து கீழே குறுகும் இடத்தைத் தேடுங்கள். குறுக்கத்துக்கு மேலே நட்டை நுழைத்து, கீழே இறக்கி, கம்பியைப் பிடித்து விழும் திசையில் ஒரு வெட்டு இழுங்கள். இப்போது குனிந்து பாருங்கள். நட்டின் இரண்டு முகமும் பெரும்பகுதி பாறையைத் தொட வேண்டும். ஒரு பக்கம் ஒரு கல்பரு மீது மட்டும் உட்கார்ந்திருந்தால், அந்தப் பரு உடைந்ததும் நட் நழுவும். இடத்துக்குப் பொருந்துவதில் பெரிய அளவை வைப்பதே நல்லது. பெரிதுக்குக் கம்பியும் தடிமன், தொடும் பரப்பும் அதிகம்.

கேம் இணையான சுவர்களுக்கு உரியது. 1978-இல் முதன்முதலில் கடைக்கு வந்தது. அதற்கு முன் சமமாக ஓடும் வெடிப்பில் வைக்க நம்பகமாக எதுவும் இல்லை. விசையை இழுத்தால் பற்கள் உள்ளே மடங்கும், விட்டால் விரிந்து கடிக்கும். ஒவ்வொரு அளவுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. கையளவு வெடிப்புக்கு வைக்கும் ஒரு கேம் 30 முதல் 52 மி.மீ. வரை எட்டுகிறது என்றால், 36 முதல் 41 மி.மீ. வரையான இடத்தில் அது பத்திரமாக இருக்கும். அதாவது பாதிக்கு மேல், முக்காலுக்குள் மடங்கிய நிலை. அதைவிட இறுக்கித் திணித்தால் பிடிக்கும்; ஆனால் விசையை இழுக்க இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும், விலையுயர்ந்த கருவி பாறைக்குச் சொந்தமாகிவிடும். நுனிப்பல்லில் நிற்கும் அளவுக்கு விரிந்திருந்தால் சிறிது அசைந்தாலே கழன்றுவிடும். நான்கு பற்களும் தொடுகின்றனவா, தண்டு நாம் விழும் திசையைப் பார்த்து நிற்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். மணலோ பாசியோ ஈரமோ உள்ள வெடிப்பில் கேமை நம்ப வேண்டாம்.

நல்ல கருவியும் பிடுங்கிக்கொள்வது எப்போது தெரியுமா? கயிறு ஆட்டும்போது. நாம் ஏற ஏறக் கயிறு இடமும் வலமும் இழுபட்டு நட்டை மேலே தூக்கிவிடும். கேமை உள்ளே "நடக்க" வைக்கும். அதனால் கருவியில் நேராகக் கயிறு மாட்டாமல் 60 செ.மீ. ஸ்லிங் போட்டு நீட்டுங்கள். கயிறு கீழிருந்து மேல்வரை ஏறக்குறைய நேர்கோடாக ஓட வேண்டும். முதல் கருவி மட்டும் மேல்நோக்கிய இழுப்பையும் வெளிநோக்கிய இழுப்பையும் தாங்குவதாக இருக்கட்டும். அது பிடுங்கினால், ஜிப் திறப்பது போல ஒவ்வொன்றாக மேலே கழன்றுகொண்டே போகும். பீலே கொடுப்பவர் பாறையை ஒட்டி நின்றாலே இந்த ஆபத்தில் பாதி குறையும். ஐந்தடி தள்ளி நின்றால் கயிறு முதல் கருவியை வெளியே இழுக்கும்.

எங்கள் வீட்டில் படகுக் கயிறு புதிதாகவே கிடக்கிறது. ஒரு டன் தாங்கும். பாறைக்கென்று தனிக் கயிறு ஏன்?
*– வாசகர், தேவனாம்பட்டினம்*

தாங்குவது வேறு, விழும் ஆளைப் பிடிப்பது வேறு. படகுக் கயிறு நீளாது. விழுந்தவரை அது சட்டென்று நிறுத்தும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் இடுப்பெலும்புக்கும் மேலே செருகிய கருவிக்கும் போகும். பாறை ஏறும் டைனமிக் கயிறு நைலானில், உள்ளே முறுக்கிய இழைகளும் வெளியே உறையுமாகப் பின்னியது. 80 கிலோ எடையை இதில் விழவிட்டுச் சோதிக்கிறார்கள். முதல் விழுகையில் கயிறு 40 சதவீதம் வரை நீளலாம்; கடத்தும் விசை 12 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது. அது சுமார் 1,200 கிலோ எடைக்குச் சமம். அப்படி ஐந்து விழுகையாவது தாங்கினால்தான் முத்திரை கிடைக்கும். வாங்கும்போது இ.என். 892 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், வட்டத்துக்குள் 1 என்ற குறியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 60 மீட்டர், 9.5 முதல் 10 மி.மீ. தடிமன் பழகுபவர்களுக்குப் போதும்.

மிதக்கும் கயிறுகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். உராய்வுச் சூட்டில் நைலானுக்கு வெகு முன்னால் அவை உருகிவிடும். படகுக் கயிற்றைக் கருவிப் பையை மேலே இழுக்கப் பயன்படுத்துங்கள். ஆள் தொங்க வேண்டாம்.

என் எடை 48 கிலோ. லீட் செய்பவர் 76 கிலோ. நான் பீலே கொடுக்கலாமா?
*– வாசகி, அரியாங்குப்பம்*

கொடுக்கலாம், ஏற்பாடு செய்துகொண்டு. அவர் விழுந்தால் நீங்கள் மேலே தூக்கப்படுவீர்கள். அப்போது இரண்டு விபரீதம் நடக்கும்: அவர் எதிர்பார்த்ததைவிட இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாக விழுவார், நீங்கள் பாறையில் மோதிக் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிடக் கூடும். பின்னால் ஒரு கனத்த குண்டுக்கல்லிலோ மரத்தடியிலோ ஸ்லிங் சுற்றி, உங்கள் ஹார்னஸை (இடுப்புப் பட்டையை) அதோடு சேருங்கள். முழு இறுக்கமாக வேண்டாம், அரை மீட்டர் தளர்வு இருக்கட்டும். சிறிது மேலே எழும்புவது விழுபவருக்கு மெத்தை மாதிரி. உங்கள் பிடி கை எந்தச் சூழ்நிலையிலும் கயிற்றை விட்டு வரக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கையும் மனத்தில் வையுங்கள். கடைசிக் கருவிக்கு மேல் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறாரோ, அதன் இரு மடங்கு விழுவார். அதோடு கயிற்றின் நீட்சி, உங்கள் கையில் உள்ள தளர்வு. 3 மீட்டரில் முதல் கருவி வைத்து 6 மீட்டரில் விழுந்தால் தரைதான். அதனால் முதல் மூன்று கருவிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். அவர் மறந்தால் "இன்னொன்று வையுங்க" என்று கீழிருந்து சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

உச்சியில் நங்கூரம் கட்டும்போது ஸ்லிங் விரிந்து நின்றால் தப்பு என்கிறார்கள். எவ்வளவு விரியலாம்?
*– வாசகர், பண்ருட்டி*

இரண்டு கருவிகளுக்கு இடையே கோணம் 60 டிகிரி என்றால் ஒவ்வொன்றும் சுமையில் 58 சதவீதம் வாங்கும். 90-இல் 71. 120-இல் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் வாங்கும். இரண்டு வைத்ததன் பயனே போய்விடும். 60-க்குள் வையுங்கள். விரல் விரித்து அளந்தால் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உள்ள இடைவெளி போதும், கட்டைவிரல் வரை விரியக் கூடாது. ட்ராட் நங்கூரத்துக்கு மூன்று கருவிகள் வேண்டும். 7 மி.மீ. நைலான் கயிறு 6 மீட்டர் எடுத்து, முனைகளை டபுள் ஃபிஷர்மேன் முடிச்சால் இணைத்து வளையமாக்கி, மூன்றிலும் மாட்டி, சுமை வரும் திசைக்கு இழுத்து, ஒரே எட்டு முடிச்சாகப் போட்டுவிடுங்கள். ஒன்று கழன்றாலும் மற்ற இரண்டும் குலுங்காமல் பிடிக்கும். மூன்றையும் ஒரே பொருக்கின் பின்னால் வைத்தால் எண்ணிக்கையில்தான் மூன்று.

எங்கள் குழுவில் தமிழில்தான் குரல் கொடுக்கிறோம். போன வாரம் "கயிறு விடு" என்று மேலிருந்து கத்தினார். கீழே இருந்தவர் பீலேயையே கழற்றப் போய்விட்டார். என்ன சொற்கள் வைத்துக்கொள்ளலாம்?
*– வாசகர், முத்தியால்பேட்டை*

மிக முக்கியமான கேள்வி. "விடு" என்ற சொல்லையே பாறையில் தடை செய்யுங்கள். அதற்குத் தளர்த்து, கைவிடு, இறக்கு என்று மூன்று பொருள் வருகிறது. "எடு"வும் அப்படித்தான். காற்றில் பாதி எழுத்து போனாலும் குழம்பாத சொற்கள் வேண்டும். கயிறு கொடுக்க "தளர்". இழுத்துப் பிடிக்க "இறுக்கு". மேலே போய்த் தன்னைக் கட்டிக்கொண்ட பிறகு "நங்கூரம்". கடலோர ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அதைக் கேட்டு, "பீலே கழற்றுகிறேன்" என்று கீழிருப்பவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் கழற்ற வேண்டும். கல் விழுந்தால் யாராக இருந்தாலும் "கல்!", அவ்வளவுதான். பக்கத்தில் வேறு குழு ஏறினால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஆள் பெயர். சத்தம் எட்டாத இடத்துக்கு, எத்தனை இழுப்புக்கு என்ன பொருள் என்பதைத் தரையிலேயே பேசி வையுங்கள். சந்தேகம் வந்தால் பீலேயை விடாமல் கயிறு கொடுத்துக்கொண்டே இருங்கள்.

ஆறே மாதத்தில் என் காரபைனர் கொக்கியின் கதவு மூட மறுக்கிறது. கேமில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. வீடு கடற்கரைக்குப் பக்கத்தில்.
*– வாசகர், வீராம்பட்டினம்*

உப்புக்காற்று. அலுமினியத்தில் அது வெள்ளையாகப் பூக்கும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் கதவின் கீலையும் கேமின் அச்சையும் தேய்த்து, விசையை இருபது முப்பது தடவை இழுத்துவிட்டுக் கழுவுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகு கலந்த உலர் மசகு ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், மணலை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். கழுவிய பிறகும் கதவு தானாக மூடவில்லை என்றாலோ, பூத்த இடத்தில் குழி விழுந்திருந்தாலோ அதை ஒதுக்கிவிடுங்கள். வெளிக்காற்றில் மாட்டி வைக்காமல், மூடி போட்ட டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கயிற்றையும் ஸ்லிங்கையும் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் அறையில் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். அமில ஆவி நைலானை உள்ளிருந்து அரிக்கும். பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது.

எந்த மாதம் ஏறலாம்? பாறையில் தேனீ, பாம்பு பயம் உண்டா?
*– வாசகர், நெல்லிக்குப்பம்*

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மார்ச் வந்துவிட்டால் காலை ஒன்பதரைக்கே கருங்கல் சுட ஆரம்பிக்கும். கை வியர்த்து வழுக்கும், காலணி ரப்பரும் இளகிப் பிடி விடும். விடியும்போது பாறையடியில் இருங்கள். மழை பெய்த மறுநாள் சரிவு காய்ந்திருந்தாலும் வெடிப்புக்குள் ஈரம் நிற்கும்.

வெடிப்பில் கைவிடும் முன் உள்ளே பாருங்கள். கீழே கண்ணாடி விரியனும் மேலே தேளும் இருக்கும் இடங்கள் அவை. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அசையாமல் கிடத்தி 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து மலைத்தேனீயும் கதண்டும். ஏறும் முன் கீழே நின்று பாதை முழுவதையும், பாறை குடைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களை முக்கியமாக, கண்ணால் துழாவுங்கள். கருப்பாக ஓர் அடை தொங்கினால் அன்று அந்தப் பக்கமே வேண்டாம். வாசனைத் திரவியம் பூசி வராதீர்கள். கீழே புகை போடாதீர்கள். பாதி வழியில் கூட்டம் கலைந்துவிட்டால் லீட் செய்பவரைக் கடைசி நல்ல கருவியிலிருந்து உடனே கீழே இறக்குங்கள். அதற்குப் பாதிக் கயிறாவது கையில் மிச்சம் இருக்க வேண்டும், அதனால் கயிற்றின் நடுவில் குறி போட்டு வையுங்கள். கீழ் முனையில் ஒரு முடிச்சும் இருக்கட்டும். இறங்கியதும் துணியால் தலையை மூடிக்கொண்டு ஓடுங்கள். செருகிய கருவிகள் பாறையிலேயே கிடக்கட்டும். தேனீ அடங்கிய பிறகு, வேறொரு நாள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.